டிரம்ஸ் இல்லாத ஜாஸ்: பியானோவும் பாஸும் மட்டும் வாசிக்கும்போது எப்படிக் கேட்பது?

பியானோவும் டபுள் பாஸும் (ஆள் உயரத்துக்கு நிற்கும், வயலின் குடும்பத்துப் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும் வாசிக்கும் ஜாஸ் ரெக்கார்டுகளைப் புதிதாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பியானோவைத்தான் கேட்கிறார்கள். பாஸ் அடியில் எங்கோ 'தும் தும்' என்று போய்க்கொண்டிருக்கும். இரண்டு மூன்று பாட்டு ஆனதும், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று நிறுத்திவிடுவார்கள். என் நண்பர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்: பாஸிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். டிரம்மர் இல்லாத இசையில் தாளம் எங்கே இருக்கிறது என்பது பாஸைக் கேட்டால்தான் பிடிபடும். அது பிடிபட்ட பிறகு பியானோவும் வேறு மாதிரி கேட்கும்.

இசைப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு ஹெட்போன், ஒரு பாட்டு, ஒரு வாரத்துக்குத் தினமும் மாலையில் அரை மணி நேரம். இவ்வளவு போதும்.

படி 1: பாஸ் முதலில் காதில் விழ வேண்டும்

டபுள் பாஸின் நான்கு தந்திகளில் அடித் தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. மேல் தந்திகூட 98 முறைதான். போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. அதிலிருந்து வருவது அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து பிறக்கும் மேல் அதிர்வுகள் மட்டும். மீதியை நம் மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. பாஸ் கலைஞர் சார்லி ஹேடன் வாசித்த ஒரு ரெக்கார்டை நான் முதல்முதலில் கேட்டது சமையலறை மேடையில் வைத்த போனில். தனிப் பியானோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சில வாரம் கழித்து அதையே ஹெட்போனில் போட்டபோது அறையில் இன்னொரு ஆள் இருந்தார்.

ஆகவே காதை மூடும் ஹெட்போன் நல்லது. 'பாஸ் பூஸ்ட்' போன்ற வசதி எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஊதிப் பெருக்கி அடுத்த ஸ்வரத்தின்மேல் வழிய விடும். நமக்கு வேண்டியது பாஸ் ஸ்வரம் எங்கே முடிகிறது என்ற தகவல், அதன் பருமன் இல்லை. சத்தத்தைப் பேச்சுக் குரல் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தந்தியை விரல் தொடும் சின்ன 'டக்' ஓசை கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: ஒரே ஒரு பாட்டை மனப்பாடம் செய்யுங்கள்

பத்து ரெக்கார்டைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரு பாட்டை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்வது 'பாடி அண்ட் சோல்'. ஜானி கிரீன் மெட்டமைத்து 1930-இல் வந்தது. ஜாஸ்காரர்கள் இதை வாசித்துத் தீர்த்ததே இல்லை. பியானோவும் பாஸும் மட்டும் சேர்ந்த டூயோவிலேயே (இருவர் வாசிப்பு) மூன்று அருமையான பதிவுகள் உண்டு. பின்னால் அவற்றுக்கு வருகிறேன்.

பாட்டின் அமைப்பு எளிது. நான்கு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். எட்டு பார் நீளத்தில் ஒரு மெட்டு வரும். அதே மெட்டு இன்னொரு முறை வரும். பிறகு எட்டு பாருக்கு வேறொரு மெட்டு; அதைப் பிரிட்ஜ் என்பார்கள். கடைசியில் முதல் மெட்டு திரும்பவும் எட்டு பார். மொத்தம் 32. இந்த ஒரு சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். முதல் கோரஸில் மெட்டை வாசிப்பார்கள். அதன் பிறகு எத்தனை கோரஸ் போனாலும் அதே 32 பாரின் மேல்தான் மனோதர்மம் நடக்கும்.

'பாடி அண்ட் சோல்' பாட்டில் பிரிட்ஜைத் தவறவிடவே முடியாது. சுருதிப் பெட்டியை யாரோ அரைக்கட்டை ஏற்றிவிட்டது போல மொத்தப் பாட்டும் ஒரு படி மேலே போய் உட்காரும். பிறகு மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கு வந்து சேரும். மனோதர்மத்தில் எங்கே இருக்கிறோம் என்று வழி தப்பிவிட்டால் (எல்லோருக்கும் தப்பும்) அந்த ஏற்றத்துக்காகக் காத்திருங்கள். அது வந்ததும் பதினாறு பார் முடிந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

பாடகி பில்லி ஹாலிடே 1940-இல் இதைப் பாடியிருக்கிறார். அதை நாலைந்து முறை கேட்டு, வாய்விட்டு முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். வார்த்தை தெரிய வேண்டாம், மெட்டு போதும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற குறைக்குப் பாதி மருந்து இதில்தான் இருக்கிறது.

படி 3: கையை இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள்

கச்சேரிகளில் தாளம் போட்டுப் பழகிய கை இயல்பாக முதல் எண்ணிக்கையில் விழும். ஜாஸில் எடை விழுவது இரண்டிலும் நான்கிலும். ஒன்று, *இரண்டு*, மூன்று, *நான்கு*. தொடையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். முதலில் இடறும், இரண்டு நாளில் வந்துவிடும்.

டிரம்மர் இருந்தால் அவர் இடது காலால் ஹை-ஹாட் தாம்பாளங்களை அந்த இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் மூடி 'ச்சிக்' என்று ஒலி எழுப்புவார். வலது கை 'ரைடு' என்ற பெரிய சிம்பலில் 'டிங், டிங்-க-டிங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். பகுதி மாறும் இடங்களில் ஒரு உருட்டு உருட்டி, "இதோ பிரிட்ஜ் வருகிறது" என்று அறிவிப்பார். சூடு ஏற வேண்டிய இடத்தில் சத்தத்தை ஏற்றுவார்.

அவர் இல்லாதபோது இந்த வேலைகளை யார் பார்க்கிறார்கள்? பகுதி மாறுவதைப் பாஸ் ஒரு சின்ன ஓட்டத்தால் சொல்லும், அல்லது பியானோ வாக்கியத்தை முடிக்கும் விதத்தில் தெரியும். சூட்டை ஏற்ற இருவரும் ஸ்வரங்களை நெருக்கமாக்குவார்கள். ஆனால் அந்தச் சிம்பலின் இடைவிடாத மினுமினுப்புக்கு மாற்று கிடையாது. அந்த இடம் காலியாகவே இருக்கும். இந்த இசையின் சுகமே அங்கேதான் இருக்கிறது. சிம்பல் மூடி மறைத்த சின்னச் சின்ன ஓசைகள் எல்லாம் அந்தக் காலி இடத்தில் வெளியே தெரியும். தொடையில் தட்டும் உங்கள் கையே ஹை-ஹாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டுவதை இருவரும் வாசிக்கவில்லை. ஆனால் இருவரும் அதை மனதுக்குள் கேட்டுக்கொண்டேதான் வாசிக்கிறார்கள்.

படி 4: பாஸை மட்டும் பின்தொடருங்கள்

ஒரு முழுப் பாட்டு நேரத்துக்குப் பியானோவைப் பொருட்படுத்தாதீர்கள். பாஸ் மட்டும். இதற்கு இரண்டு மாலை ஒதுக்கினாலும் தகும்.

முதலில் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு மீட்டருக்கும் நீளமான தந்தி. விரலின் பக்கவாட்டுச் சதை அதை இழுத்து விடுகிறது. முதலில் 'டக்' என்று மரத்தின் ஓசை. அடுத்து 'ம்ம்ம்' என்று உடல் முழுவதும் பாடும் நடுப்பகுதி. அப்புறம் இடது கை விரல் தந்தியிலிருந்து எழும்போது அது அடங்குகிறது. இந்த மூன்றாவது பகுதியைக் கவனியுங்கள். சில வித்வான்கள் அடுத்த ஸ்வரம் வரும்வரை இதை விட மாட்டார்கள். பாட்டு தார்ச்சாலையில் போவது போல வழுக்கிக்கொண்டு போகும். சிலர் ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிடுவார்கள். அந்த நூலிழை மௌனத்தில்தான் நம் கால் ஆடத் தொடங்குகிறது. டிரம்ஸ் கூட இருந்தால் இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். டூயோவில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

அடுத்து, ஒரு பாரில் எத்தனை ஸ்வரம் என்று பாருங்கள். ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் வாசித்தால் டூ-ஃபீல். நடை நிதானமாக, காற்றோட்டமாக இருக்கும். நான்கிலும் வாசித்தால் வாக்கிங் பாஸ். பெரும்பாலும் மெட்டு முடிந்து சோலோ (ஒருவர் முன்னால் வந்து மனோதர்மமாக வாசிக்கும் பகுதி) தொடங்கும் இடத்தில் டூ-ஃபீல் வாக்கிங்காக மாறும். அந்த இடத்தை ஒருமுறை நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டால், வண்டி கியர் மாறுவதை உடம்பிலேயே உணர்வீர்கள்.

மூன்றாவது, பாஸ் எங்கே போகிறது என்பது. வாக்கிங் பாஸ் சும்மா நடப்பதில்லை. ஒவ்வொரு பாரின் கடைசி ஸ்வரமும் அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த பார் ஸ, அடுத்த பார் சுத்த மத்யமம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்காரர் ஸ, சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று நான்கு எண்ணிக்கையில் ஏறி, ஐந்தாவதில் மத்யமத்தில் காலை வைப்பார். அந்த நான்காவது ஸ்வரம் கேட்டதுமே அடுத்தது என்ன என்று காதுக்குத் தெரிந்துவிடும். டிரம்மர் இல்லாமலும் பாட்டு நிற்காமல் முன்னே போவதற்கு இந்தச் சாய்வுதான் காரணம்.

ஆளுக்கு ஆள் இது எப்படி மாறுகிறது என்பதற்கு இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

சார்லி ஹேடன் 1937-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் வானொலியில் நாட்டுப்பாட்டுப் பாடும் குடும்பம்; இவர் இரண்டு வயதிலேயே பாடத் தொடங்கியவர். 15 வயதில் போலியோ வந்து தொண்டையைத் தாக்கியதால் பாட்டு நின்றது. பாஸுக்கு வந்தார். அவர் வாசிப்பைக் கேட்கும்போது இந்தக் கதை எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததில்லை. குறைவான ஸ்வரங்கள், ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, முழு மூச்சோடு வரும்.

டென்மார்க்கின் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பீடர்சன் அதற்கு நேர் எதிர்த் திசை. பதின்ம வயதிலேயே கோபன்ஹேகன் மேடைகளில் அமெரிக்கப் பெரியவர்களோடு வாசித்தவர். அவர் விரல்களில் பாஸ் கிதார் போல ஓடும், அவ்வளவு வேகத்திலும் ஸ்வரம் கலங்காது. கோபன்ஹேகனில் குடியேறிய பியானோ கலைஞர் கென்னி ட்ரூவோடு அவர் 1973-இல் பதிவுசெய்த 'டூயோ' என்ற ரெக்கார்டை ஹேடனுக்கு அடுத்தபடியாகப் போட்டுப் பாருங்கள். ஒரே வாத்தியம் என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

படி 5: பியானோவின் இடது கை

இப்போது பியானோவுக்கு வரலாம், ஆனால் வலது கைக்கு இல்லை.

பியானோவில் 88 கட்டைகள். அதன் கீழ்ப்பகுதி பாஸின் எல்லைக்குள் அப்படியே விழுகிறது. தனியாக வாசிக்கும் பியானோ கலைஞர் அந்த இடத்தை இடது கையால் நிரப்புவார். பாஸ் பக்கத்தில் இருக்கும்போதும் அதையே செய்தால் இரண்டும் மோதிக் கூழாகிவிடும். அதனால் நல்ல டூயோ கலைஞர் இடது கையை நடுப்பகுதிக்கு ஏற்றிக்கொள்வார். கார்டின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ஆதார ஸ்வரத்தைப் பாஸ் வாசிக்கும் என்று நம்பி அதை விட்டுவிட்டு, கார்டின் குணத்தைச் சொல்லும் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் தொடுவார். ஒரு கார்டில் பாதி பியானோவிலும் பாதி பாஸிலும் இருக்கும். உங்கள் காதில் வந்துதான் அது முழுசாகிறது.

கேட்கவேண்டியது இது: இடது கை எப்போது சும்மா இருக்கிறது? நான்கு எண்ணிக்கையிலும் விழுந்தால் பாஸுக்கு மூச்சு முட்டும். தேர்ந்த கை எண்ணிக்கைகளுக்கு நடுவில் ஒரு குத்து, பிறகு ஒரு பார் முழுக்க மௌனம், பிறகு இரண்டு குத்து என்று வரும். அதில் டிரம்மரின் சின்ன டிரம் அடிகள் ஒளிந்திருக்கின்றன. ஹேங்க் ஜோன்ஸ் இதில் என் ஆதர்சம். அவர் இடது கை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அது இல்லாவிட்டால் மட்டும் தெரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: கீத் ஜாரெட் ரெக்கார்டுகளில் பியானோவோடு சேர்ந்து ஒருவர் முனகுவது கேட்கும். பதிவில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ஜாரெட்தான் வாசிப்பதைப் பாடிக்கொண்டே வாசிக்கிறார்.

இந்தக் கூட்டணி ஏன் நியூயார்க்கில் வளர்ந்தது?

படிகளுக்கு நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் வேண்டாம் என்பது எப்போதும் கலைஞர்களின் விருப்பத்தால் மட்டும் நடந்ததில்லை. உணவும் மதுவும் விற்கும் இடங்களில் இசை, நடனம் நடத்த உரிமம் வேண்டும் என்ற கேபரே சட்டம் நியூயார்க் நகரத்தில் 1926-இல் வந்தது. அதைச் சார்ந்து பின்னால் வந்த விதிகளின்படி, கேபரே உரிமம் இல்லாத உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. அவர்களும் பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிதார், தந்தி வாத்தியங்கள் ஆகியவற்றை மட்டுமே வாசிக்கலாம். டிரம்ஸும் ஊதுகிற வாத்தியங்களும் கூடாது. சின்ன இடங்களுக்கு மிஞ்சியது பியானோவும் பாஸும்தான். 1986-இல் நீதிமன்றம் வாத்தியக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1988-இல் மூன்று பேர் என்ற வரம்பும் போனது.

அந்தக் காலத்தில் யூனிவர்சிட்டி பிளேஸ் தெருவில் இருந்த பிராட்லிஸ் என்ற இடம் இந்த டூயோக்களின் தாய்வீடு. 1969-இல் திறந்து 1996-இல் மூடினார்கள். ஜிம்மி ரோல்ஸ், டாமி ஃப்ளானகன், கென்னி பேரன் எல்லோரும் அங்கே ஒரு பாஸ்காரரோடு உட்கார்ந்து இரவிரவாக வாசித்தவர்கள். சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் தம் பியானோவையே அந்த இடத்துக்கு உயில் எழுதி வைத்தார். ஒரு விதி வாத்தியங்களைப் பறித்தது. அந்தத் தலைமுறை மிச்சமிருந்த இரண்டைக்கொண்டு இப்படி ஒரு சங்கீதத்தை வளர்த்தெடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

படி 6: பாஸ் சோலோவில் போனை எடுக்காதீர்கள்

புதியவர்கள் தொலைந்துபோகும் இடம் இதுதான். பியானோ சட்டென்று அடங்கும், கீழே பாஸ் ஏதோ பேசத் தொடங்கும், கை தன்னால் போனைத் தேடும். கீழ்ஸ்தாயியில் ஸ்வரங்களைப் பிரித்தறிய நம் காதுக்கு அதிக நேரம் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டாவது படியில் பாட்டை மனப்பாடம் செய்தீர்களே, அது இங்கேதான் கைகொடுக்கும்.

பாஸ் சோலோ தொடங்கியதும் மூல மெட்டை மனதுக்குள் பாடத் தொடங்குங்கள். நிறுத்த வேண்டாம். பாஸ் அந்த மெட்டுக்குப் பதில் சொல்கிறதா, அதைச் சுற்றி வருகிறதா, அல்லது அதையே வேறு வார்த்தையில் சொல்கிறதா என்று பாருங்கள். ஹேடனின் சோலோக்கள் இதற்கு வசதி. பெரும்பாலும் மெட்டை விட்டு வெகுதூரம் போக மாட்டார்.

அப்புறம் பியானோ என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தாளத்தைக் காத்துக்கொண்டிருந்த பாஸ் இப்போது பேசப் போய்விட்டது. டிரம்மரும் இல்லை. தாளம் யார் கையில்? சிலர் பாருக்கு ஒரு மெல்லிய கார்டை வைத்துக் கரை கட்டுவார்கள். சிலர் முழுக்க ஒதுங்கி, பாஸ்காரரைத் தனியே விட்டுவிடுவார்கள். அப்போது எண்ணிக்கை வெளியே எங்குமே ஒலிக்காது. பாஸ்காரர் மனதிலும், பியானோக்காரர் மனதிலும், தொடையில் தட்டும் உங்கள் கையிலும் மட்டும் இருக்கும். சோலோ முடிந்து பியானோ உள்ளே வரும் அந்த நொடியில் மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் உடம்பு சிலிர்க்கும். எனக்கு முதல்முறை அது நடந்தபோது பாட்டைப் பின்னால் தள்ளி மூன்று தடவை கேட்டேன்.

படி 7: ஒரே பாட்டு, மூன்று ஜோடி

இப்போது 'பாடி அண்ட் சோல்' பாட்டுக்குத் திரும்புவோம்.

முதல் பதிவு, சிகாகோ, 1940 அக்டோபர் 1. பியானோவில் டியூக் எலிங்டன், பாஸில் ஜிம்மி பிளான்டன். இன்னும் நான்கு நாளில் பிளான்டனுக்கு 22 வயது ஆகப் போகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எலிங்டன் இவரைக் கண்டெடுத்துத் தம் குழுவில் சேர்த்தார். அதுவரை பெரும்பாலான ரெக்கார்டுகளில் பாஸ் பின்னால் நின்று எண்ணிக்கை காட்டும் வாத்தியம். இங்கே எலிங்டன் பின்வாங்கி, மெட்டையே பாஸ் கையில் கொடுக்கிறார். பிளான்டன் வில்லால் இழுத்தும் விரலால் மீட்டியும் அதைச் சொல்கிறார். 78 சுழற்சித் தட்டு என்பதால் சுமார் மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்தாக வேண்டும். பழைய பதிவின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் பதிவான 'பிட்டர் பாந்தர் பாட்டர்' இன்னும் உற்சாகமானது: பியானோ ஒரு துண்டை எறிய, பாஸ் அதைத் தாவிப் பிடித்துத் திருப்பி எறிகிறது. பிளான்டனுக்குக் காசநோய் இருந்தது. 1942 ஜூலை 30-இல், 23 வயதில் இறந்துபோனார். இன்று நாம் கேட்கும் பாஸ் சோலோக்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த இரண்டு மூன்று வருட வாசிப்புக்குக் கடன்பட்டவை.

இரண்டாவது, 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் இரிடியம் கிளப்பில் கென்னி பேரனும் சார்லி ஹேடனும் வாசித்தது. 'நைட் அண்ட் த சிட்டி' ஆல்பத்தில் இருக்கிறது. மேடைக் கச்சேரி. அவசரமே கிடையாது. பேரனின் வலது கை வாக்கியங்களை நீளமாகக் கட்டி, கடைசி ஸ்வரத்தை மெதுவாகக் கீழே வைக்கும் அழகைப் பாருங்கள். வாக்கியம் முடிந்த இடத்தில் ஹேடனின் ஒரே ஒரு ஸ்வரம் தரையில் ஊன்றி நிற்கும்.

மூன்றாவது, 'ஜாஸ்மின்' ஆல்பத்தில் கீத் ஜாரெட்டும் அதே ஹேடனும். எழுபதுகளில் ஒரே குழுவில் வாசித்தவர்கள். 1976-க்குப் பிறகு சேர்ந்து வாசிக்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 2007 மார்ச்சில் நியூஜெர்சியில் ஜாரெட்டின் வீட்டு ஸ்டூடியோவில் சில நாள் உட்கார்ந்து பிடித்த பாட்டுகளை வாசித்தார்கள். 2010-இல் அது ஆல்பமாக வந்தது. இங்கே 'பாடி அண்ட் சோல்' பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது. கோரஸ் எண்ணிப் பழக நல்ல இடம். பிரிட்ஜ் வரும்போதெல்லாம் விரலை மடக்கி எண்ணுங்கள்.

மூன்றையும் ஒரே மாலையில் கேட்க வேண்டாம், நாளுக்கு ஒன்று போதும். இரண்டிலும் மூன்றிலும் பாஸ்காரர் ஒருவரே. பியானோக்காரர் மாறும்போது ஹேடன் எதை மாற்றிக்கொள்கிறார், எதை மாற்றவே இல்லை என்பதைப் பாருங்கள். அதற்கு நான் இங்கே பதில் எழுதப்போவதில்லை. நீங்களே கேட்டுக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை.

படி 8: இதற்கு மேல் எங்கே போகலாம்

பிளான்டன் பிடித்திருந்தால், 'திஸ் ஒன்ஸ் ஃபார் பிளான்டன்' கேளுங்கள். 1972 டிசம்பரில் லாஸ் வேகஸில் 73 வயது எலிங்டன், பிளான்டனைக் கேட்டு வளர்ந்த ரே பிரவுனோடு உட்கார்ந்து பதிவுசெய்தது. 32 வருடத்துக்கு முந்தைய 'பிட்டர் பாந்தர் பாட்டர்' இதில் திரும்ப வருகிறது. ரே பிரவுனின் ஸ்வரம் தேக்குக் கட்டை மாதிரி. ஜிம்மி ரோல்ஸோடு அவர் வாசித்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' ஆல்பமும் இதே வகை.

கொஞ்சம் சிக்கலானது வேண்டும் என்றால் பில் எவன்ஸும் எடி கோமெஸும். 1974-இல் பதிவான 'இன்ட்யூஷன்', மறு ஆண்டு மேடையில் பதிவான 'மோன்ட்ரோ 3'. கோமெஸ் பெரும்பாலும் பாஸின் மேல் ஸ்தாயியில் பியானோவோடு சரிக்குச் சரி பேசுவார். யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்ற கேள்வியே அங்கே எழாது. இதை முதல் மாதம் எடுக்காதீர்கள். ஆறாவது படி பழகிய பிறகு எடுத்தால் விருந்து.

ஸ்வீடனில் யான் யோஹான்சன் என்ற பியானோ கலைஞர் தம் நாட்டு நாட்டுப்புறப் பாடல்களை எடுத்துக்கொண்டு, பாஸில் ஜார்ஜ் ரீடெலோடு 1964-இல் 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா' என்று ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் ரெக்கார்டு அது. பாட்டுகள் குட்டிக் குட்டியானவை. ஜாஸே பிடிக்காது என்று சொல்லும் வீட்டாருக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதுதான்.

இவ்வளவு பேரில் ஒரே ஒரு ரெக்கார்டுதான் வாங்க முடியும் என்றால் எதை என்று கேட்பீர்கள். ஹேங்க் ஜோன்ஸும் சார்லி ஹேடனும் 1994-இல் மான்ட்ரியலில் பதிவுசெய்த 'ஸ்டீல் அவே'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், சில நாட்டுப்பாட்டுகள். அப்போது ஜோன்ஸுக்கு 75 வயது. இருவரும் பாட்டை விட்டு எங்கேயும் ஓடவில்லை. தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு 'அபைட் வித் மீ', 'வாட் எ ஃப்ரெண்ட் வி ஹேவ் இன் ஜீசஸ்' ஆகிய மெட்டுகள் நம் ஊர் ஆராதனைகளிலேயே பழக்கமாகியிருக்கும். அந்த இரண்டும் இதில் ஒரு கதம்பமாக வருகின்றன, அதனால் அவர்களுக்கு இரண்டாவது படியே தேவையில்லை. இதே ஜோடி 2010 பிப்ரவரியில் 'கம் சண்டே' என்று இன்னொன்றைப் பதிவுசெய்தது. மே மாதம் ஜோன்ஸ் 91 வயதில் காலமானார். ஆல்பம் 2012-இல்தான் வெளிவந்தது.

அந்தக் கதம்பத்தை ஒரு ராத்திரி, வீடு அடங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். மெட்டைப் பாட வேண்டாம், எண்ண வேண்டாம், கையும் தட்ட வேண்டாம். கடைசியில் இருவரும் நிறுத்தும்போது மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். பியானோவின் ஓசை முதலில் அடங்குகிறதா, பாஸின் தந்தி முதலில் அடங்குகிறதா என்று கேளுங்கள்.